கைம்பெண்களின் கலங்கரை விளக்கம்: சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்

உலகில் எத்தனையோ பேர் பிறக்கின்றனர், வாழ்கின்றனர், மறைகின்றனர். அவர்களுள் ஒரு சிலரே பிறர் வாழ்வில் விளக்கேற்றி வைத்துச் செல்கின்றனர். அப்படி விளக்கேற்றியவர்களுள் ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். ‘சகோதரி’ என்ற சொல்லைக் கேட்டவுடன், நம் பள்ளியின் அருட்சகோதரியரைப் போல் அவரும் ஒரு துறவற சபையைச் சேர்ந்தவர் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். ஆனால் அவர் இந்து சமயத்தில், அந்தணர் குடும்பத்தில் பிறந்தவர். இறுதிவரை அச்சமயத்திலேயே வாழ்ந்தவர். ஆயினும் அவரும் நம்மைப் போல் கன்னியர் மடத்துப் பள்ளியில் பயின்றவர். அங்கே கண்ட தொண்டு வாழ்க்கையைத் தம் வாழ்க்கையாக்கிக் கொண்டதால் ஊரார் அன்புடன் அவரைச் ‘சகோதரி’ என்றே அழைத்தனர்.

ஒருமுறை நின்றுபோன படிப்பை மீண்டும் தொடங்க முடியுமா? வயது கடந்தபின் படித்தால் அந்தப் படிப்பு ஒருவருக்குச் சோறு போடுமா? இவ்விரு கேள்விகளுக்கும் அம்மையாரின் வாழ்க்கை முழுவதுமே விடையாக அமைந்தது. ஆகவே அவ்வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

சுப்புலட்சுமி அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் பெயர் சுப்பிரமணிய ஐயர்; அரசுப் பணியில் இருந்தவர். தாயார் பெயர் விசாலாட்சி. பெற்றோருக்கு அம்மையாரே மூத்த மகள். (இந்திய மருத்துவ வரலாற்றில் பெயர் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பிறந்ததும் அதே 1886-ஆம் ஆண்டில்தான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.)

பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிதாக இருந்த காலம் அது. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் நூறு பெண்களுக்கு ஒருவர்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவராக இல்லை. அத்தகைய காலத்தில் சிறுமி சுப்புலட்சுமி படிப்பில் சுடர்விட்டாள். ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதல் இடம் பெற்றாள்.

ஆயினும் அக்கால வழக்கம் அவளை விட்டு வைக்கவில்லை. பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் அவளுக்கு மணம் செய்து வைத்தனர். மணம் நடந்த சிறிது காலத்திலேயே மணமகன் இறந்துபோனான். அச்சிறுமி ‘கைம்பெண்’ ஆனாள்.

கைம்பெண் என்ற சொல்லின் சுமையை இன்று நாம் முழுவதும் உணர்வது கடினம். நம் நீலகிரியில் படுகர் சமுதாயத்தில் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் சமவெளியில் அந்தணக் குடும்பங்களில் அந்நாளில் அவ்வழக்கம் இல்லை. கணவன் முகத்தைக்கூட நன்றாகப் பார்த்திராத சிறுமியும் வாழ்நாள் முழுவதும் கைம்பெண்ணாகவே இருக்க வேண்டும். நல்ல காரியங்களில் அவள் முன்னே வரக்கூடாது. நல்ல உடை கூடாது. பூவும் பொட்டும் கூடாது. அடுக்களை மூலையே அவள் உலகம். மற்றவர்களுக்கு உழைத்துக் கொடுத்து, அவர்கள் போடும் சோற்றை உண்டு காலம் தள்ள வேண்டும்.

நின்ற படிப்பு மீண்டும் தொடங்கியது

பெற்றோர் தம் மகளை மூலையில் உட்கார வைக்க இணங்கவில்லை. உறவினர் பழித்தனர், ஊரார் ஏசினர். தந்தையார் எதையும் பொருட்படுத்தாது மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். இந்த முயற்சியில் வீட்டில் இருந்த மற்றொருவரையும் நாம் மறக்கலாகாது. அவர்தாம் தாயாரின் தங்கை வாலாம்பாள். அவரும் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். அவரைத் தம் சித்தியாக மட்டுமல்லாமல் தம் தொண்டில் துணைவியாகவும் அம்மையார் பின்னாளில் பெற்றார்.

வீட்டில் கற்றது போதாதென்று, சென்னையிலிருந்த பிரசன்டேஷன் கன்னியர் மடத்துப் பள்ளியில் அம்மையார் சேர்க்கப்பட்டார். அக்கன்னியர் 1842-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்னை வந்து பெண் கல்வியைத் தொடங்கியவர்கள். சொந்த நாட்டையும் சுற்றத்தையும் விட்டுவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகப் பாடுபடும் அவர்களது வாழ்க்கை இளம் சுப்புலட்சுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கணவன் இல்லாத பெண்ணின் வாழ்க்கை வீண் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கேயோ மணம் செய்துகொள்ளாத பெண்கள் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயாக விளங்கக் கண்டார். தாமும் அவ்வாறு வாழலாமே என்ற எண்ணம் முளைவிட்டது.

பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஓர் இளம் கைம்பெண் அமர்ந்து பாடம் கேட்பது அந்நாளில் எத்துணைத் துணிவான செயல்! 1911-ஆம் ஆண்டில் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

இரண்டு குறைகளும் ஒரு நிறைவும்

பட்டம் பெற்றவுடன் நல்ல வேலையில் அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தாம் ஏறிவந்த ஏணியைத் தம்மைப் போன்ற மற்றச் சிறுமியருக்கும் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே அவரது விருப்பமாயிற்று.

அப்போது பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் மிஸ் லிஞ்ச் என்ற அம்மையார். அவர் ஒரு குறையைக் கண்டு வருந்திக்கொண்டிருந்தார். பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்தவுடன் பெற்றோர் பள்ளியை விட்டு நிறுத்திவிடுகின்றனர். ஆண் ஆசிரியர்களிடம் அனுப்ப அஞ்சுகின்றனர். பெண் ஆசிரியைகளோ போதிய அளவில் இல்லை. மணமான பெண்கள் வேலைக்கு வருவதும் இல்லை. ஆசிரியைகள் இல்லாததால் பெண் கல்வி வளரவில்லை. பெண் கல்வி வளராததால் ஆசிரியைகள் உருவாகவில்லை.

சுப்புலட்சுமி அம்மையார் கண்டது வேறொரு குறை. வீட்டுக்கு வீடு இளம் கைம்பெண்கள் வேலையின்றி, மதிப்பின்றி, நம்பிக்கையின்றி முடங்கிக் கிடந்தனர். இவர்களுக்குக் கல்வி கொடுத்து ஆசிரியைகளாக்கினால் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பார்கள். கைம்பெண்களுக்குப் பிழைப்பும் மதிப்பும் கிடைக்கும். இரண்டு குறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு நிறைவாயிற்று. அம்மையாரின் தொண்டு முழுவதற்கும் இதுவே அடித்தளம் என்றால் அது மிகையாகாது.

1912-ஆம் ஆண்டில் ‘சாரதா லேடீஸ் யூனியன்’ என்ற மகளிர் சங்கத்தை நிறுவினார். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஓரிடத்தில் கூடிச் சொற்பொழிவு கேட்கவும், சமூகச் சிக்கல்களைப் பற்றிப் பேசவும் அது வழி செய்தது. அதே காலத்தில் எழும்பூரில் தம் வீட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளம் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல்வி புகட்டலானார். சித்தி வாலாம்பாள் அடுப்படியையும் வீட்டையும் கவனித்துக்கொண்டார். பட்டம் பெற்ற பெண் பாடம் சொல்ல, பட்டம் பெறாத பெண் சோறு சமைத்துத் தாயாக இருந்து காக்க, அச்சிறு இல்லம் வளர்ந்தது.

ஐஸ் ஹவுஸ்

நாளடைவில் அரசின் உதவியும் கிடைத்தது. மாணவியர் தொகை பெருகவே வீடு போதவில்லை. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெரிய கட்டடம் ஒன்று இருந்தது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வழி நம் நாட்டுக்கு வராத காலத்தில், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டப்பட்டது அது. சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பியபின் 1897-இல் சில நாட்கள் தங்கியதும் இக்கட்டடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படுகிறது. ஒரு காலத்தில் பனிக்கட்டி இருந்த இடத்தில், உலகத்தாரால் உறைந்துபோகச் செய்யப்பட்ட இளம் உள்ளங்கள் உருகி உயிர்பெற்றன!

அருகிலேயே 1914-ஆம் ஆண்டில் இராணி மேரிக் கல்லூரி தோன்றியது. சென்னை நகரில் பெண்களுக்கென ஏற்பட்ட முதல் கல்லூரி அது. பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர்களுக்கு மேற்படிப்புக்கும் வழி பிறந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த விடுதி அந்தணக் கைம்பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டது. உணவு, பூசை, விரதம் முதலியவற்றில் பழைய ஆசாரங்கள் அங்கே பின்பற்றப்பட்டன. சீர்திருத்தம் செய்ய வந்தவர் பழைய கட்டுப்பாடுகளை ஏன் வைத்திருந்தார் என்ற கேள்வி எங்களுக்குள்ளும் எழுந்தது. ஆசாரம் கெட்டுவிடும் என்று அஞ்சிய பெற்றோர் வேறு எந்த இடத்துக்கும் தம் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள். பெண் வீட்டு வாசலைத் தாண்டி வந்தால்தானே பாடம் நடத்த முடியும்? ஆயினும் அதன் விலையாக மற்றச் சாதிகளைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் அவ்விடுதிக்கு வெளியே நிற்க நேர்ந்தது. இரண்டும் உண்மையே. கடற்கரையோரக் குப்பத்தில் மீனவர் பிள்ளைகளுக்காகவும் அம்மையார் பள்ளி ஏற்படுத்தினார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும்போது, அவர் உள்ளம் விடுதிச் சுவர்களோடு நின்றுவிடவில்லை என்பது விளங்குகிறது.

கல்வியும் கைத்திறனும்

எழுத்தறிவு மட்டும் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிடாது. தொழிலுக்கு வேண்டிய பயிற்சியும் அதனோடு சேர வேண்டும் என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். 1922-ஆம் ஆண்டில் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவியாக அவரே பொறுப்பேற்றார். அதனுடன் மாதிரிப் பள்ளி ஒன்றும் இணைந்திருந்தது. ஆசிரியைத் தொழிலை நூலில் படித்தால் மட்டும் போதாது. குழந்தைகள் முன் நின்று, கரும்பலகையில் எழுதி, தவறு செய்து, திருத்திக்கொண்டு பழக வேண்டும் அல்லவா? நீந்தக் கற்பவர் தண்ணீரில் இறங்கித்தானே ஆக வேண்டும்!

அங்கே பயிற்சி பெற்று வெளிவந்த பெண்கள் பல ஊர்களுக்கும் ஆசிரியைகளாகச் சென்றனர். முன்பு எதிரே வந்தால் அபசகுனம் என்று ஒதுக்கப்பட்டவர்கள், இப்போது வகுப்பறைக்குள் நுழைந்தால் மாணவியர் எழுந்து நின்று வணங்கினர். மாதச் சம்பளம் வாங்கித் தம் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காத்தனர். இதனைவிடப் பெரிய மாற்றம் வேறு என்ன வேண்டும்?

வயது ஒரு தடையா?

சிறுமியருக்கு வழி பிறந்தது. ஆனால் இளமை கடந்த கைம்பெண்கள் என்ன செய்வார்கள்? பள்ளியில் சேரும் வயது போய்விட்டது என்று அவர்களைக் கைவிட அம்மையாருக்கு மனம் வரவில்லை. அவர்களுக்காக 1927-ஆம் ஆண்டில் சாரதா வித்யாலயா என்ற பள்ளியையும் விடுதியையும் ஏற்படுத்தினார். பிற்காலத்தில் அப்பள்ளி இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் வளர்ந்தது.

1942-ஆம் ஆண்டில், தம் 56-ஆம் வயதில், மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். அதுவும் வயது வந்த பெண்களுக்கான பள்ளியே. மற்றவர்கள் ஓய்வை நாடும் வயதில், படிக்கும் வயது போய்விட்டது என்று எண்ணிய பெண்களுக்காக அவர் புதிய பள்ளியைத் திறந்தார்!

வயது வந்தோர் கல்வியில் நம் நாட்டில் வேறு சிலரும் உழைத்துள்ளனர். புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1855-இலேயே உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தினர். பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கிக் கைம்பெண்களுக்குக் கல்வியளித்தார். எட்டாம் வயதில் மணம் செய்விக்கப்பட்ட துர்காபாய் தேஷ்முக் அம்மையார், சிறை சென்று மீண்டபின் படிப்பைத் தொடர்ந்து வழக்கறிஞரானார். அவர் தலைமையில் இருந்த மத்திய சமூக நல வாரியம், படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காகச் சுருக்கப் பாடத்திட்டத்தை 1958-இல் கொண்டுவந்தது. பல ஊர்களில் பல கைகள் ஏற்றிய இத்தீபங்களின் வரிசையில் நம் தமிழகத்துத் தீபமாக ஒளிர்ந்தவர் சுப்புலட்சுமி அம்மையார்.

நோயின் வேரைத் தேடி

கைம்பெண்களுக்குக் கல்வி கொடுப்பது நோய்க்கு மருந்து. ஆனால் நோயின் வேர் குழந்தை மணம் அல்லவா? குழந்தை மணத்தைப் பற்றி ஆராய அரசு அமைத்த ஜோஷி குழுவின் முன் அம்மையார் தம் கருத்தைத் துணிந்து எடுத்துரைத்தார். 1929-ஆம் ஆண்டில் சாரதா சட்டம் என்று வழங்கும் குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது. பெண்ணின் மணவயது 14 என்று அது வரையறுத்தது. 1978-இல் அது 18 ஆக உயர்த்தப்பட்டது. பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இப்போது 15 வயது. நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் எங்களுள் எத்தனை பேர் இந்தப் பலகையில் அமர்ந்திருப்போம்? எண்ணிப் பார்க்கவே உள்ளம் நடுங்குகிறது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்திய மாதர் சங்கத்தின் பணிகளில் அம்மையார் ஈடுபட்டார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் பெண்கள் நல மையம் ஏற்பட உதவினார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் வழியாக அவர் ஊன்றிய விதையே வித்யா மந்திர் பள்ளியாக வளர்ந்தது.

ஆங்கில அரசு 1920-இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. சுதந்திர இந்தியா 1958-இல் பத்மஸ்ரீ விருது வழங்கிப் பாராட்டியது. 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, தம் 83-ஆம் வயதில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் செய்ய வேண்டியது

தோழியரே! அம்மையாரின் வரலாறு பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட நூறு பெண்களுள் ஏறத்தாழ 26 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் வேறெங்கோ இருப்பவர்கள் அல்லர். நம் கேத்திப் பள்ளத்தாக்கில் விடியற்காலைப் பனியில் தேயிலைத் தோட்டத்துக்கும் காரட், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் செல்லும் பெண்களிலும் அவர்கள் உண்டு. நம் பாட்டிமார்களில், அண்டை வீட்டு அத்தைமார்களில், சில வேளைகளில் நம் அன்னையரிலும் உண்டு.

நாள் முழுவதும் பறித்த இலைக்கு எடை போடும்போது சீட்டில் எழுதியிருக்கும் கிலோ சரிதானா என்று படித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், உழைப்பு முழுவதும் பிறர் சொல்லை நம்பியே நிற்க வேண்டும். செடிக்கு அடிக்கும் மருந்துப் புட்டியின் மேல் அச்சிட்ட எச்சரிக்கையைப் படிக்க முடியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1949-இல் நம் ஊரில் ஊசித் தொழிற்சாலை தொடங்கியபோது மலைநாட்டுக்குப் புதிய வகை வேலை வந்தது. அதுபோல் புதிய வேலைகள் வரும்போதெல்லாம் படித்தவருக்கே முதலிடம் கிடைக்கிறது. வங்கியில் கைநாட்டு வைப்பவர் கையெழுத்துப் போடக் கற்பது நல்லதே. ஆனால் தாம் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்ப்பதே கல்வி.

இன்று வழிகள் பல உள்ளன. எந்த வயதினரும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வையும் பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் படிக்கலாம். வேண்டுவது ஒன்றுதான்: வெட்கத்தைப் போக்கித் துணிவூட்ட ஒருவர் அருகில் இருப்பது. சிறுமி சுப்புலட்சுமிக்கு அவ்வாறு ஒரு தந்தை கிடைத்தார். ஒரு சித்தி கிடைத்தார். அம்மையார் எத்தனையோ பேருக்கு அவ்வாறு கிடைத்தார்.

ஆகவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு முடிவு செய்துள்ளோம். அரசுத் தேர்வு முடிந்ததும் வரும் கோடை விடுமுறையில் எங்களுள் ஒவ்வொருவரும் வீட்டிலோ அண்டையிலோ உள்ள பெரியவர் ஒருவருக்கேனும் எழுத்தும் எண்ணும் கற்றுக் கொடுப்போம். இலைச் சீட்டு, பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு ஆகியவையே எங்கள் பாடநூல்கள். தங்கையரே, நீங்களும் எங்களுடன் சேர்ந்துகொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்களுள் படிப்பை இடையில் விட்டவர்கள் இருப்பின், பிள்ளைகளிடம் கற்பதை இழிவாக எண்ணாதீர்கள். ஐஸ் ஹவுஸில் ‘அ’ எழுதத் தொடங்கியவர்கள் ஆசிரியைகளாக வெளிவந்தனர் அல்லவா?

வாழ்க சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் புகழ்! வளர்க பெண் கல்வி!